எந்த ஸ்லாட்டில் மாட்டினால் என்ன

மிசினுக்குள் ஓடும் மென்பொருளில் அந்த ஒரு வரியை எழுதியவர் எங்கள் முதலாளி. அந்த வரியால் வேலை போக இருந்தது எங்கள் சர்வீஸ் அண்ணனுக்கு. இதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆற அமர யோசித்து எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். பருப்பு மில்களில் கலர் சார்ட்டர் என்று ஒரு மிசின் இருக்கும். மேலிருந்து பருப்பு அருவி மாதிரிக் கொட்டும். கேமரா பார்க்கும். கருத்ததும் கல்லும் வந்தால் ஒரு சின்ன வால்வு திறந்து காற்றை அடித்து அதை மட்டும் தனியே தள்ளிவிடும். அந்த மிசினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை நாங்கள் செய்துகொடுக்கிறோம். முதலாளி, நான், சர்வீஸ் அண்ணன். இவ்வளவுதான் கம்பெனி. அண்ணனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மில் மில்லாகப் போய் மிசினை மாட்டுவதும், பழுதானால் ஓடுவதும் அவர் வேலை. என்னைத் தங்கச்சி என்பார். என் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் எல்லாரும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். நான் மட்டும் இந்த வேலைக்கு வந்தேன். கெர்னல் வேலை. கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டு, யாருக்கு என்ன இடம் என்று தீர்மானிக்கிற மென்பொருள்தான் கெர்னல். அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிபடவில்லை.

"கம்ப்யூட்டர் வேலைன்னா மெட்ராசுல ஏசி ரூம்ல இருப்பாக. நீ என்னடி பருப்பு மில்லுக்குப் போயி மூக்கெல்லாம் தூசியோட வார?"

"கார்டுக்கெல்லாம் வீடு பாத்துக் குடுக்குறேம்மா."

"உனக்கு ஒரு வீடு பாரு முதல்ல."

வீடு என்று நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஸ்லாட் என்னும் பள்ளங்களில் கார்டுகளைச் செருகியிருக்கும். கம்ப்யூட்டர் எழுந்ததும் கெர்னல் ஒவ்வொரு கார்டையும், உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு ஒரு முகவரியை ஒதுக்கும். பெரிய இடம் கேட்கும் கார்டு நினைத்த இடத்தில் தொடங்க முடியாது. அதன் அளவுக்கு ஏற்ற எல்லைக்கல்லில்தான் தொடங்கலாம். எங்களுடையதைப் போலச் சின்ன இடம் கேட்கும் கார்டுகளைக் கெர்னல் நெருக்கி நெருக்கி வைத்துவிடும். அங்கேதான் வம்பு. மதுரையில் காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். உள்ளே நாலைந்து போர்ஷன், வெளியே ஒரே கேட்டு. புரோகிராம்களுக்குக் கெர்னல் கொடுப்பது கேட்டுச் சாவி. போர்ஷனுக்குத் தனிச் சாவி கிடையாது. நல்ல புரோகிராம் கேட்டைத் திறந்து, தன் போர்ஷன் எது என்று பார்த்துப் போகும். கேடுகெட்ட புரோகிராம் கேட்டைத் திறந்ததும் முதல் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, இதுதான் என் வீடு என்று பீரோவைத் திறக்கும்.

எங்கள் கேமரா புரோகிராம் அந்த ரகம். வெளியில் வாங்கியது. உள்ளே திறந்து திருத்த முடியாது. விற்றவனைக் கேட்டால், எங்களிடம் ஓடுகிறது, உங்களிடம் ஏன் ஓடவில்லை என்று திருப்பிக் கேட்டான். ஒரே வழி, கேமரா கார்டுக்குத் தனிக் காம்பவுண்டு கொடுத்துவிடுவது. கெர்னலிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அப்படிக் கொடுத்துவிடும். இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். இன்ன ஸ்லாட்டில் இருக்கும் கார்டுக்குத் தனி இடம் கொடு என்று சொல்லலாம். இன்ன கம்பெனி செய்த, இன்ன மாடல் கார்டு எங்கே இருந்தாலும் அதற்குத் தனி இடம் கொடு என்றும் சொல்லலாம்.

முதலாளி முதல் விதத்தில் எழுதினார். முதல் மில்லுக்கு அனுப்பும் அவசரத்தில் எங்கோ பார்த்துக் காப்பியடித்தது. நான் அப்போதே சொன்னேன்.

"சார், ஸ்லாட்டு நம்பரப் போட்டு வைக்காதீங்க. மாடல் நம்பரப் போடுங்க. கார்டு இடம் மாறுனா கோளாறாகும்."

"கார்டு என்ன கால் மொளச்சு நடக்குதா? யார் மாத்தப்போறா?"

"யாராச்சும் கழட்டுவாக சார்."

"ஏம்மா, ஓடுதுல்ல? ஓடுறத நோண்டாத. வேற வேலையப் பாரு."

மில்லுக்குப் போகும் மென்பொருள் அவர் கை வழியாகத்தான் போகும். நான் இன்னொரு முறையும் சொன்னேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

யார் மாற்றப்போகிறார்கள் என்று கேட்ட மனிதர் பிறந்து வளர்ந்தது மதுரையில். ஆயுத பூஜைக்கு ஆபீசில் கீபோர்டுக்கெல்லாம் சந்தனம் வைப்பவர். ஸ்குரூ டிரைவரைக்கூடக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துத்தான் படைப்பார். பொரி, கடலை, அவல் எல்லாம் எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இந்த ஊரில் மிசின் வைத்திருப்பவன் வருசத்துக்கு ஒரு நாள் அதைக் கழற்றித் துடைப்பான் என்று அந்த ஆளுக்குத் தோன்றவில்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

திருப்பரங்குன்றம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில், வயல்களை அழித்து வரிசையாக மில் கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு துவரம்பருப்பு மில். ஆயுத பூஜை அன்று சர்வீஸ் அண்ணனை அந்த மில்காரர் வரச் சொல்லியிருந்தார். வருசா வருசம் போவார்தான். மில்காரர் நல்ல பெரிய மனிதர், வாட்டசாட்டமாக இருப்பார், எல்லாவற்றிலும் முறை பார்ப்பவர். பெட்டியைத் திறந்தால் உள்ளே கார்டுகள் மேல் பருப்புத் தூசி மாவு மாதிரி அப்பியிருக்கும். அண்ணன் மூன்று கார்டுகளையும் கழற்றினார். கேமரா கார்டு, வால்வு கார்டு, விளக்குகளை ஓட்டும் கார்டு. மூன்றும் பார்க்க ஒரே அளவு. பிரஷ் போட்டுத் துடைத்து, ஓரத்தில் தகடு இருக்கும் இடத்தில் மட்டும் சந்தனம் வைத்து, கழற்றிய வரிசையிலேயே வாழையிலையில் வைத்தார். அவர் கவனமில்லாதவர் இல்லை. சாமி படம் இருந்த பக்கம் பார்த்து உட்கார்ந்து வைத்தார். பூஜை முடிந்து ஆரத்தி காட்டி எல்லாரும் எழுந்த பிறகு, மிசின் இருந்த எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு இலையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். வரிசை தலைகீழாகிவிட்டது. முதல் ஸ்லாட்டில் இருக்க வேண்டிய கேமரா கார்டு மூன்றாவதுக்குப் போனது. விளக்குக் கார்டு முதலுக்கு வந்தது. ஒயர்கள் எல்லா ஸ்லாட்டுக்கும் எட்டும். எதுவும் இழுக்கவில்லை, முட்டவில்லை. பருப்புக் கொட்டாமல் பட்டனை மட்டும் போட்டுப் பார்த்தார்கள், விளக்கு எரிந்தது. கும்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

விஜயதசமி அன்று காலையில் நல்ல நேரம் பார்த்து மில்லை ஓட்டினார்கள். கெர்னல் சொன்ன சொல் தப்பாமல் முதல் ஸ்லாட்டுக்குத் தனிக் காம்பவுண்டு கொடுத்தது. உள்ளே போய் உட்கார்ந்தது விளக்குக் கார்டு. வால்வு கார்டும் கேமரா கார்டும் ஒரே காம்பவுண்டில், அடுத்தடுத்த போர்ஷனில். கேமரா புரோகிராம் கேட்டைத் திறந்து, வழக்கம்போல முதல் கதவைத் தள்ளியது. அது வால்வு கார்டின் வீடு. கேமராவுக்கு எழுத வேண்டியதை எல்லாம் அங்கே எழுதித் தள்ளியது. வால்வுகள் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டன. கண் இமைக்கும் நேரம் மட்டும் மின்சாரம் வாங்க வேண்டிய வால்வுக் காயில்கள் விடாமல் வாங்கிச் சூடேறின. ஒரு வரிசை முழுக்கக் கருகிவிட்டது. நல்ல பருப்பெல்லாம் கழிவோடு போய்க் குவிந்தது. வெற்றி நாள் என்று சொல்லித் தொடங்கிய மில்லில் புகை. மில்காரருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

கார்டுகள் இடம் மாறியிருப்பதை அண்ணனே பார்த்துப் போனில் சொன்னார். முதலாளி அவரைத் திட்டியது மாடி முழுக்கக் கேட்டது.

"யோவ், எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டுன்னுகூடத் தெரியாதா உனக்கு? இத்தன வருசமா என்னத்தப் புடுங்குன? வர்ற மாசத்துலருந்து வேற எடம் பாத்துக்க."

வேலையை விட்டு நிறுத்துகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வயதில் அவருக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? மதுரையில் இந்த வேலை தெரிந்த கம்பெனி நாங்கள் ஒன்றுதான். அவர் மகள் அந்த வருசம் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

மறுநாள் முதலாளி காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். அண்ணன் முன்னாலேயே வந்து, கருகிய வால்வுகளை எல்லாம் பிடுங்கி ஒரு தகரத் தட்டில் போட்டுவைத்திருந்தார். முகம் கழுவின மாதிரி வெளிறிப்போயிருந்தது. நான் லேப்டாப்பைச் செருகி, எந்தக் கார்டுக்கு எந்த முகவரி கிடைத்திருக்கிறது என்று பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முதலாளியைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"சார், அந்த வரிதான். ஸ்லாட்டு நம்பரு."

அவர் திரையைப் பார்த்தார். புரியாமல் இல்லை, நன்றாகவே புரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி. மில்காரர்ட்ட இதெல்லாம் பேச வேண்டாம். கார்டு ஸ்லாட்டு மாறிப்போச்சு, அதனால கோளாறுன்னு மட்டும் சொல்லு."

"அது அண்ணன் தலையில விழும் சார்."

"மாறுனது உண்மையா இல்லையா?"

"உண்மைதான்."

"பெறகென்ன? உண்மையச் சொல்லத்தான சொல்றேன்."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூடச் சும்மா முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த ஆள் உண்மையில் பாதியை வெட்டி என் கையில் கொடுத்து, இதை அவன் மேல் எறி என்கிறார்.

மில் ஆபீசில் மில்காரர் உட்கார்ந்திருந்தார். முதலாளி எதிரே உட்கார்ந்தார். அண்ணன் கதவை ஒட்டி நின்றார். நாற்காலி இருந்தும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

"என்னாச்சும்மா?" என்றார் மில்காரர்.

"பூசைக்குக் கழட்டி மாட்டுனதுல கார்டு எடம் மாறியிருக்கு. ஆனா..."

ஆனாவுக்கு மேல் என்னைப் போக விடவில்லை. மில்காரர் முகம் சிவந்துவிட்டது.

"பூசை போட்டதுனாலதான் எரிஞ்சுச்சுங்கிறீகளா?"

"அப்படிச் சொல்லல..."

முதலாளி சிரித்தபடி குறுக்கே விழுந்தார். "அவுக கிறிஸ்டியன்ண்ணே. நம்ம பழக்கமெல்லாம் அவுகளுக்குத் தெரியாது. தப்பா எடுத்துக்கிறாதீக."

அந்த ஆள் கொடுத்த பொரியை வருசா வருசம் தின்றவள் நான்.

"சார், என் சாமிய எதுக்கு இழுக்குறீங்க? நான் சொல்ல வந்ததக் கேளுங்க. பூசை தப்பில்ல. தொடச்சது தப்பில்ல. கழட்டித் தொடச்சு மாட்டுனா எரியிற மாதிரி மிசினச் செஞ்சு குடுத்ததுதான் தப்பு. செஞ்சது நாங்க. இவரு இல்ல."

நான் அண்ணனைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறந்து, ஆமாம் என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு அடி முன்னால் வந்து மில்காரரைக் கும்பிட்டார்.

"அண்ணே, நாந்தாண்ணே மாத்தி வச்சிட்டேன். எம் மேலதான் தப்பு. இனிமே நடக்காதுண்ணே. சார்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் கணக்கு எனக்குப் பிறகு புரிந்தது. இங்கே வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்கு நியாயம் உதவாது, கும்பிடுதான் உதவும் என்று அவருக்கு அனுபவம். பெரிய மனிதர் மனசு இறங்கினால் முதலாளி மனசும் இறங்கும். நான் பேசியதில் அந்தப் பெரிய மனிதர் முறைத்துக்கொண்டதுதான் அவருக்குப் பயம்.

"தங்கச்சி, நீங்க விடுங்க" என்றார் என்னிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் விடவில்லை. மிசினுக்குப் போனேன். கருகியது போக மிச்ச வால்வுகளை வைத்து ஓட்டலாம். லேப்டாப்பைச் செருகி, மிசினுக்குள்ளேயே அந்த வரியை அழித்தேன். முதலாளி என் பின்னாலேயே வந்து, "என்ன செய்ற, என்ன செய்ற" என்று நின்றார். கேமரா கார்டின் கம்பெனி நம்பரையும் மாடல் நம்பரையும் போட்டு வேறு வரி எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அவர் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. பிறகு மிசினை நிறுத்திவிட்டு மில்காரரைக் கூப்பிட்டேன்.

"ஐயா, நீங்களே மூணையும் கழட்டி, எது எதுல வேணுமோ அதுல மாட்டுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"தெரிய வேணாம். அதுக்குத்தான் உங்களச் சொல்றேன்."

அவர் தயங்கினார். பிறகு மோதிரங்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாமி கும்பிடும் முகத்தோடு ஒவ்வொரு கார்டாக மாட்டினார். அண்ணன்தான் பயந்துபோய், "இங்கிட்டுப் பிடிங்கண்ணே, மெதுவா அமுக்குங்கண்ணே" என்று கூடவே நின்றார். மிசினைப் போட்டோம். ஒரு வால்வும் தானாகத் திறக்கவில்லை. ஒரு மூட்டையைக் கொட்டச் சொன்னேன். கருப்பு வரும்போது மட்டும் டிக் டிக் என்று அடித்தது. நிறுத்தி, வேறு மாதிரி மாட்டச் சொன்னேன். அப்போதும் அப்படியே ஓடியது.

மில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியைப் பார்த்தார்.

"ஏய்யா, இம்புட்டுதானா? இத முன்னாடியே செஞ்சு குடுக்குறதுக்கு என்ன?"

முதலாளி ஏதோ முனகினார். புது வால்வுகள் அனுப்புகிறேன் என்றார். மில்காரர் அண்ணன் தோளில் தட்டி, "போ மாப்ள, மூஞ்சியக் கழுவிட்டுச் சாப்பிடு" என்றார். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பும்போது கார் கப்பலூர் பக்கம் வந்தது. முதலாளி சொன்னார்.

"அவனே ஒத்துக்கிட்டான்ல. எல்லார் முன்னாடியும். பெறகு நான் எப்படி வச்சுக்கிறது?"

"உங்க கண்ணு முன்னாடிதான சார் காட்டுனேன்."

"நீ காட்டுனது வேற. ஸ்லாட்ட மாத்துனது அவன்தான."

காரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. ஓடுகிற காரிலேயே சொன்னேன். இதே வரி மற்ற மில்களிலும் இருக்கிறது. எல்லா மில்லிலும் பூஜை போட்டிருப்பார்கள். இதுவரை வரிசை மாறாமல் மாட்டியிருந்தால் அது அண்ணனின் கவனம், உங்கள் அதிர்ஷ்டம். ஒவ்வொன்றாகப் போய் மாற்ற வேண்டும். அண்ணன் இல்லாமல் நான் ஒரு மில்லுக்கும் போகமாட்டேன். அந்த வரியை நீங்களே போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

"மெரட்டுறியா?"

"ஆமா சார்."

ஒரு வாரம் நான் எந்த மில்லுக்கும் போகவில்லை. பிறகு முதலாளி கூப்பிட்டு அண்ணன் ஆபீசுக்கு வந்தார். வேலை போகவில்லை.

ஆனால் முதலாளி சும்மா விடவில்லை. எல்லா மில்லிலும் கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சீல் ஒட்டச் சொன்னார். அண்ணன் இனி வால்வும் டியூபும் மட்டும் பார்க்க வேண்டும், பெட்டியைத் தொடக்கூடாது, தொட வேண்டுமென்றால் ஆபீசில் கேட்க வேண்டும். இனி எந்த ஸ்லாட்டில் எதை மாட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று மில்காரர் கையாலேயே காட்டிய பிறகு இந்தச் சீல். எதற்கு என்று கேட்டேன். "ஒரு பயம் இருக்கணும்" என்றார். அந்தச் சீலை அண்ணன் கையாலேயே ஒட்டவைத்தார்கள்.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. அண்ணன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டார். ஒரு நாள் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"என்ன கோவம்ண்ணே?"

"கோவமெல்லாம் இல்ல. அங்க நான் கும்பிட்டு முடிச்சிருந்தா அதோட போயிருக்கும். நீங்க காட்டுனதுல சார் தோத்துட்டாரு. தோத்த ஆளுகிட்ட நான் தினம் வேல பாக்கணும்."

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதும் தப்பில்லை.

போன வாரம் ஒரு மில்லில் இருந்து அவர் போன் செய்தார். பெட்டிக்குள் விசிறி நின்றுவிட்டது, சூடேறுகிறது என்றார். பின்னால் மில் சத்தம் கேட்டது.

"தொறந்து விசிறிய மாத்துங்கண்ணே."

"சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

"சார் இல்ல. நான் சொல்றேன், தொறங்க. ஒண்ணும் ஆகாது. நாந்தான அந்தப் புது வரிய எழுதுனேன்."

"இல்ல, சார் வரட்டும். நான் லைன்லயே இருக்கேன் மேடம்."